4கே படம் எங்கே நின்றுபோகிறது? லினக்ஸ் கணினியும் வீடியோ கார்டும்

வீடியோ கார்டிலிருந்து 4கே படம் திரைக்கு வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வழியில் ஏதோ ஓரிடம் அத்தனை தரவைச் சுமக்க முடியாமல் திணறுகிறது. அல்லது கார்டு அனுப்பும் வடிவத்தைத் திரை ஏற்க மறுக்கிறது. கார்டே பழுதாகியிருப்பது இவற்றுக்கு வெகு பின்னால் வரும் மூன்றாவது காரணம். ஆனாலும் முதலில் கழற்றப்படுவது கார்டுதான். பதுளையிலோ பண்டாரவளையிலோ எல்லயிலோ உள்ள ஒரு வீடியோ கடைக்காரர் அதைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினால் போய்வர நாட்கள் ஆகும். கல்யாணமும் கோயில் திருவிழாவும் அதுவரை காத்திருப்பதில்லை. கார்டில் கைவைக்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இங்கே கார்டு என்பது மொனிட்டருக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டு அல்ல. கேமராவின் படத்தைக் கணினிக்குள் வாங்கவும், கணினியில் உள்ள படத்தைச் சுத்தமான வீடியோவாக வெளியே அனுப்பவும் செய்யப்பட்ட தனிக் கார்டு. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் டெக்லிங்க், இன்டென்சிட்டி வகைகள் இத்தொழிலில் பலருக்கும் தெரிந்தவை. கிராபிக்ஸ் கார்டு காட்டுவது டெஸ்க்டாப்பை. அதில் மவுஸ் அம்புக்குறியும் வரும், அறிவிப்புப் பெட்டியும் வரும். திரையின் வேகமும் படத்தின் வேகமும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு பிரேம் இருமுறை வந்து படம் இடறும். வீடியோ கார்டு அப்படியல்ல. தன் சொந்தக் கடிகாரத்தின்படி விநாடிக்கு 25 பிரேம் என்றால் 25 பிரேமை இடைவெளி பிசகாமல் அனுப்பும். நிறம் திருத்துபவர்களுக்கு இது கட்டாயம். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் லினக்ஸ் பதிப்பும் தனி வீடியோ மொனிட்டருக்குப் படம் அனுப்ப பிளாக்மேஜிக் கார்டையே கேட்கும்.

சிறு கடைகள் லினக்ஸை நாடுவதற்குக் காரணம் விலை. ஒரு பழைய அலுவலகக் கணினியும், காசு கொடுக்காமல் கிடைக்கும் ஓபிஎஸ், ஷாட்கட், கேடென்லைவ் போன்ற மென்பொருள்களும் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். அந்தப் பழைய கணினியில்தான் 4கே-யின் முதல் சிக்கலும் இருக்கிறது.

4கே என்று கடைகளில் சொல்லப்படும் யூஎச்டி படம் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 82,94,400 புள்ளிகள். முழு எச்டி படத்தைப் போல் சரியாக நான்கு மடங்கு. வீடியோ கார்டுக்குப் படம் சுருக்கப்படாமல் போக வேண்டும். 8 பிட் வடிவில் ஒரு புள்ளிக்கு 2 பைட். அப்படியானால் ஒரு பிரேம் ஏறத்தாழ 16.6 மெகாபைட்; விநாடிக்கு 25 பிரேம் என்றால் 415 மெகாபைட். தொழில்முறை மென்பொருள்கள் விரும்பும் 10 பிட் வடிவமான வி210-இல் ஆறு புள்ளிகள் 16 பைட்டில் அடைக்கப்படுகின்றன. அதில் ஒரு பிரேம் 22.1 மெகாபைட், 25 பிரேமுக்கு 553 மெகாபைட். அதே வடிவில் எச்டி படத்துக்கு 138 மெகாபைட் போதும். 50 பிரேம் 4கே என்றால் 1,106 மெகாபைட். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது. இனி வரும் சோதனைகள் பலவற்றில் இவற்றையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்லாட். இன்டென்சிட்டி புரோ 4கே, டெக்லிங்க் மினி மொனிட்டர் 4கே போன்றவை பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையில் நான்கு லேன் கேட்கும் கார்டுகள். இத்தலைமுறையில் ஒரு லேன் ஒரு திசையில் விநாடிக்கு 500 மெகாபைட் கொண்டுசெல்லும். தகவல் பொதிகளின் தலைப்புச் செலவு போனால் கைக்குக் கிடைப்பது 400-ஐ ஒட்டியே இருக்கும். நான்கு லேன் கிடைத்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பல மதர்போர்டுகளில் இரண்டாவதாக உள்ள நீளமான ஸ்லாட் பெயருக்குத்தான் நீளம். டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பார்த்தால் தெரியும்: பித்தளை நிறத் தொடுமுனைகள் ஒரு முனையில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் இருக்கும், மீதி வெறும் பிளாஸ்டிக் பள்ளம். சிலவற்றில் தொடுமுனைகள் முழுதும் இருந்தும் உள்ளே ஒரு லேனுக்குத்தான் கம்பி இழுத்திருப்பார்கள். வேறு சிலவற்றில் எம்.2 வட்டைப் பொருத்தியதும் இந்த ஸ்லாட்டின் லேன்கள் குறைந்துவிடும்.

ஒரு லேனில் என்ன நடக்கும்? எச்டி அழகாக ஓடும். 4கே 8 பிட் விக்கி விக்கி ஓடும். 4கே 10 பிட் ஓடவே ஓடாது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒற்றைத் தண்டவாளம்தான். எத்தனை ரயில் காத்திருந்தாலும் அதன் வேகம் அதுதான். எச்டி சரியாக வருகிறதே, ஸ்லாட் எப்படித் தவறாகும் என்ற எண்ணமே இங்கே பலரை ஏமாற்றுகிறது. எச்டி வருவதால் கார்டு பழுதில்லை என்பது உறுதியாகிறது. வழி போதுமான அகலம் என்பது உறுதியாவதில்லை.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. லினக்ஸ் வெளிப்படையாகச் சொல்லிவிடும். எல்எஸ்பிசிஐ கட்டளையை நிர்வாகி உரிமையுடன், விவரம் கூட்டும் வி இரட்டைக் குறியோடு இயக்கினால் ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு வரிகள் வரும். லிங்க் கேப்பபிலிட்டி வரி கார்டால் என்ன முடியும் என்பதையும், லிங்க் ஸ்டேட்டஸ் வரி இப்போது என்ன கிடைத்திருக்கிறது என்பதையும் காட்டும். முதல் வரியில் வேகம் 5 ஜிடி, அகலம் எக்ஸ்4 என்றிருந்து, இரண்டாவதில் அகலம் எக்ஸ்1 என்றும் பக்கத்தில் டவுன்கிரேடட் என்றும் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. கிராபிக்ஸ் கார்டுக்குரிய முதல் ஸ்லாட்டுக்கு வீடியோ கார்டை மாற்றி, டெஸ்க்டாப்புக்குப் பிராசசரிலேயே உள்ள கிராபிக்ஸைப் பயன்படுத்துவது செலவில்லாத தீர்வு. ஸ்லாட் மூன்றாம் தலைமுறையாக இருந்தாலும் கார்டு இரண்டாம் தலைமுறை என்றால் இரண்டாவதின் வேகமே கிடைக்கும். ஸ்லாட் சரியாக இருந்தும் அகலம் குறைந்து காட்டினால், கார்டின் தொடுமுனைகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஈரமும் பனிமூட்டமும் நிறைந்த ஊவா மலைகளில் தொடுமுனையில் அழுக்குப் படியக்கூடும்.

அடுத்தது டிரைவர். யூஎஸ்பி கார்டுகளில் பெரும்பாலானவை கர்னலோடு வரும் யூவிசி டிரைவரில் ஓடுகின்றன. அவை வி4எல்2 என்ற பொது அமைப்புக்குள் வந்துவிடும். டெக்லிங்க் வகை அப்படியல்ல. நிறுவனம் தரும் டெஸ்க்டாப் வீடியோ தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். அது வி4எல்2 சாதனப் பட்டியலில் தெரியாது. பட்டியலில் இல்லையே, கார்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. இந்த டிரைவர், கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் முறையில் புதிதாகக் கட்டப்பட வேண்டும். கர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால் கட்டப்படாது. நேற்று வரை ஓடிய கார்டு இன்று காலை காணாமல் போனால், இரவில் கர்னல் தானாகவே புதுப்பிக்கப்பட்டதா என்பதே முதல் கேள்வி. பயாஸில் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கையொப்பமில்லாத டிரைவரைக் கர்னல் ஏற்காது. கையொப்பச் சாவியைப் பதிவுசெய்ய வேண்டும், இல்லையேல் செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டும். டிரைவர் பதிப்பு உயரும்போது கார்டின் பர்ம்வேரும் உயர்த்தப்பட வேண்டியிருக்கலாம். அதற்குப் பின் வெறும் ரீஸ்டார்ட் போதாது. மின்சாரத்தை முழுதாக நிறுத்தி மறுபடி போடுவதே பாதுகாப்பு. டிமெசேஜ் கட்டளை காட்டும் கர்னல் குறிப்புகளில் டிஎம்ஏஆர் என்று தொடங்கும் பிழைகள் குவிந்திருந்தால் நினைவக ஒதுக்கீட்டுக் காவலான ஐஓஎம்எம்யூ-வோடு மோதல். அதை பாஸ்த்ரூ நிலைக்கு மாற்றிச் சோதிக்கலாம்.

ஸ்லாட்டும் டிரைவரும் சரி என்றான பிறகே மென்பொருளுக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றுவோர் மென்பொருளை நீக்கி நீக்கி நிறுவியே நாளைக் கழிக்கிறார்கள். முதல் சோதனையில் வீடியோ கோப்பே வேண்டாம். ஜீஸ்ட்ரீமர் கருவியில் உள்ள டெக்லிங்க் வெளியீட்டுக்கு ஒரு நகரும் சோதனைப் படத்தை 2160, 25 பிரேம் முறையில் அனுப்பிப் பார்க்க வேண்டும். அது இடறாமல் ஓடினால் ஸ்லாட், டிரைவர், கார்டு, கேபிள், திரை எல்லாமே தேர்ச்சி பெற்றுவிட்டன. குறை கோப்பிலோ, வட்டிலோ, கோப்பைப் பிரித்துப் படமாக்கும் வேலையிலோ இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் கருவி வழியே அனுப்ப விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: டெபியன் லினக்ஸின் களஞ்சியத்தில் வரும் எஃப்எஃப்எம்பெக்கில் டெக்லிங்க் ஆதரவு கிடையாது. அதைச் சேர்த்துத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

கோப்பின் குறைகளில் கடுமையானது, கேமராக்கள் பதியும் 10 பிட் 4:2:2 எச்.264 வடிவம். பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகளில் அதைப் பிரித்தெடுக்கும் வன்பொருள் இல்லை. முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. பழைய நான்கு கோர் பிராசசர் 4கே-யில் மூச்சுத் திணறும். அக்கோப்பை முன்கூட்டியே புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவுக்கு மாற்றிவிடுவதே வழி. 25 பிரேம் யூஎச்டி புரோரெஸ் 422 விநாடிக்கு 492 மெகாபிட், அதாவது ஏறத்தாழ 62 மெகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்கும், பென் டிரைவ் பலவும் கொடுக்காது. நினைவகம் ஒரே குச்சியாக இருந்தால் இரண்டாவதைச் சேர்ப்பதும் பலன் தரும். ஒவ்வொரு பிரேமும் திரைக்குப் போகுமுன் நினைவகத்தில் பலமுறை எழுதிப் படிக்கப்படுகிறது. பிராசசரின் மின்சேமிப்பு முறையைப் பவர்சேவிலிருந்து பெர்பார்மன்ஸுக்கு மாற்றுவதும் தேவை. சும்மா இருக்கும் நொடியில் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் அடுத்த பிரேம் தாமதிக்கும். கார்டின் கடிகாரம் தாமதத்தை மன்னிக்காது. டெக்லிங்க் கார்டு ஒவ்வொரு பிரேமைப் பற்றியும் நேரத்துக்குப் போனது, தாமதமானது, விடுபட்டது என்று மென்பொருளுக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கைக் காட்டும் மென்பொருளாகத் தேர்ந்துகொண்டால் கண்ணை நம்பியிருக்க வேண்டாம்.

இனி, பிரேம் வேகம். இலங்கையின் தொலைக்காட்சி 1982-இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கியபோதும் ஜப்பானின் 60 முறையை எடுக்கவில்லை. பால் முறையில், விநாடிக்கு 25 பிரேமாகவே நடந்தது. நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது இன்றும் மாறாத உண்மை. ட்யூப் விளக்கும் மலிவு எல்இடி விளக்கும் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. அந்த ஒளியில் 30 அல்லது 60 பிரேமில் படம்பிடித்தால் படத்தில் அலையடிக்கக்கூடும். எனவே கேமரா, மென்பொருளின் டைம்லைன், கார்டின் வெளியீடு மூன்றும் 25 அல்லது 50-இல் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியிலும் ட்ரோனிலும் பிடித்த படங்கள் பெரும்பாலும் 30-இல் வரும். எல்லயில் பாலத்தின்மேல் ரயில் போகும் காட்சியை எடுத்துவரும் பயணிகளின் கோப்புகள் அப்படித்தான். அவற்றை 25 பிரேம் டைம்லைனில் போட்டு அனுப்பினால் படம் குலுங்கும். அந்தக் குலுக்கலைக் கார்டின் பழுதென்று எண்ணிவிடக் கூடாது.

திரைப் பக்கம் வந்தால் கறுப்புத் திரை என்ற புகாரில் பாதி தீர்ந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு டீவியிடம் கேட்டு, அது ஏற்கும் முறையைத் தானே தேர்ந்துகொள்ளும். வீடியோ கார்டில் முறையைத் தேர்வது மென்பொருளும் அதை இயக்குபவரும்தான். தவறான முறையை அனுப்பினால் டீவி சிக்னல் இல்லை என்று சொல்லி நிற்கும். 4096 புள்ளி கொண்ட சினிமா 4கே-யைத் தவறுதலாகத் தேர்வது அடிக்கடி நடப்பது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வரும் குழப்பம். எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 கிகாபிட் சுமக்கும், 4கே-யில் 30 பிரேம் வரை போகும். 50, 60 பிரேமுக்கு 18 கிகாபிட் சுமக்கும் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். டீவியில் நான்கு துளை இருந்தால் நான்கும் 2.0 என்று நம்ப வேண்டாம். 2.0 துளையிலும் பல டீவிகளில் அந்த வசதி முதலில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்: சாம்சங்கில் எச்டிஎம்ஐ யூஎச்டி கலர் அல்லது இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு பார்மட் என்ற பெயர்களில் அது மெனுவுக்குள் இருக்கும். டீவி உண்மையில் எதை ஏற்கிறது என்பதை அறிய, அதைக் கணினியின் கிராபிக்ஸ் எச்டிஎம்ஐ-யில் பொருத்தி, ஈடிஐடி-டிகோட் கருவியால் அதன் ஈடிஐடி தகவலைப் படித்துப் பார்க்கலாம்.

அறிகுறியைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடும் பழக்கம் இத்தொழிலில் வளர வேண்டும். படத்தின் மேல் வெள்ளைப் பொட்டுகள் மின்னினால், அல்லது சில நொடிக்கொரு முறை கறுத்துத் திரும்பினால் கேபிள். படம் முழுமையாக இருந்து இடறினால் கணினி. கறுப்பு மட்டுமே என்றால் முறை ஒத்துப்போகவில்லை. பச்சையும் ஊதாவுமாகச் சிதைந்தால் புள்ளி வடிவம் மாறிப்போயிருக்கிறது. வெளிறிய படம் வந்தால் நிற அளவு 16-235 என்பதற்கும் 0-255 என்பதற்கும் இடையே குழப்பம். நான்கு எஸ்டிஐ கேபிளில் 4கே அனுப்பும்போது படம் நான்கு சதுரங்களாகக் குலைந்தால், ஒரு முனை படத்தை நான்கு கட்டமாகவும் மறுமுனை புள்ளி இடைகலந்த முறையிலும் பிரிக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் சரியாகும்.

உள்வாங்கும் பக்கத்தில் ஒரு வஞ்சகம் நடக்கிறது. பென் டிரைவ் அளவில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி கருவிகளின் பெட்டியில் 4கே என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். உள்ளே எம்எஸ்2109 சில்லு. அது 4கே சிக்னலை ஏற்பது உண்மை. ஆனால் அதைக் குறைத்து 1920×1080 ஆக, எம்ஜேபெக்கில் சுருக்கியே யூஎஸ்பி 2.0 வழியாகக் கணினிக்குத் தரும். வி4எல்2 கட்டுப்பாட்டுக் கருவியில் வடிவங்களின் பட்டியலைக் கேட்டால் 3840 என்ற எண்ணே அதில் இருக்காது. உழைத்துச் சேர்த்த காசில் வாங்குபவரிடம் இப்படி விற்பது அநியாயம். உண்மையான 4கே யூஎஸ்பி கார்டும் யூஎஸ்பி 3 துளையில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் மரப் பட்டியலில் 5000எம் அல்லது 10000எம் என்று இருக்க வேண்டும்; 480எம் என்று இருந்தால் கேபிளோ துளையோ பழைய வகை.

தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் இவை எல்லாவற்றுக்கும் மேல் மின்சாரம் என்ற பிரச்சினை சேர்கிறது. அங்கே மாசி மாதத் திருவிழாவான காமன் கூத்து இரவெல்லாம் நடக்கும். கணினி கோயில் மின்சாரத்திலும் திரை ஜெனரேட்டரிலும் இருந்தால் இரு பக்க எர்த்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏற்படும். செப்புக் கம்பி எச்டிஎம்ஐ கேபிள் அதைச் சுமந்து கார்டின் துளையை எரித்துவிடக்கூடும். இரண்டையும் ஒரே எர்த்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது செப்புக் கம்பி கலக்காத முழு ஒளிக்கம்பி எச்டிஎம்ஐ கேபிள் போட வேண்டும். நீண்ட தூரத்துக்கும் அதுவே ஏற்றது. செப்பு எச்டிஎம்ஐ 4கே-யில் சில மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஒளிக்கம்பி கேபிளுக்குத் திசை உண்டு. சோர்ஸ் என்று எழுதிய முனை கார்டுக்கே போக வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை இப்பகுதியில் வழக்கம். மழை இருட்டும்போதே திறந்தவெளிக் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

கடைசியாக, அத்திரைக்கு 4கே தேவையா என்ற கேள்வி. திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் எல்இடி திரைகளில் புள்ளி இடைவெளி 3.91 மில்லிமீட்டர் என்பது சாதாரணம். அதில் அரை மீட்டர் பலகைக்கு 128 புள்ளி. நான்கு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள திரை 1024×640 புள்ளிகளே கொண்டது. முழு எச்டி-யைக் கூட அதனால் காட்ட முடியாது. 3840 புள்ளியையும் காட்ட அத்திரை 15 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆகவே கூத்து இரவில் திரைக்கு 1080, 25 பிரேம் அனுப்புவதே சரி. பார்ப்பவர் கண்ணுக்கு எந்த இழப்பும் இல்லை, கணினிக்கு நான்கில் ஒரு பங்கு சுமைதான். 4கே-யைக் கேமராவின் பதிவுக்கும், வீட்டு டீவிக்கும், நிறம் திருத்தும் மேசைக்கும் ஒதுக்கலாம். எந்த முறையானாலும் அதே கேபிளில், அதே திரையில், நிகழ்ச்சி நடக்கும் அளவு நேரம் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிட்டு, கர்னலின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைக்குமாறு இத்தொழிலில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.